கம்பளி இன்னும் காயவில்லை

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வால்தான் எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அச்சகத்தில் நாற்காலி கேட்டு வாங்கினாயா, இல்லை இன்னும் தாள்கட்டின் மேல் உட்கார்ந்துதான் பிழை பார்க்கிறாயா?

அக்கா, இதை உட்கார்ந்துகொண்டு படி. தும்பிக்குக் காது கேட்கிறது!

நவம்பரில் காது டாக்டர் சொன்னதை நான் உனக்கு எழுதவில்லை. பிள்ளைக்கு இரண்டு காதிலும் நரம்பு பலவீனம். பக்கத்தில் வந்து கத்தினால் ஏதோ கொஞ்சம் விழும், அவ்வளவுதான். உடனே காது மெஷின் வைத்துப் பேச்சுப் பயிற்சி தொடங்க வேண்டும், நாலு வயது என்பதே தாமதம் என்றார். ஐந்து வயதுக் காய்ச்சலில் இரண்டு காதையும் பறிகொடுத்த உன்னிடம் இதை எப்படிச் சொல்வது? எழுத உட்காருவேன், கை வராது.

நாற்பது நாள் காலை ஆகாரத்தை விட்டுவிட்டு ஜெபம் செய்தேன். போதகரின் மனைவியும் வந்து என்னோடு முழங்காலிட்டார்கள். போன வியாழக்கிழமை தும்பி அடுப்படித் தரையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மரவண்டி உருட்டிக்கொண்டிருந்தான். என் கையிலிருந்து இரும்புச் சட்டியின் மூடி நழுவி விழுந்தது. சட்டென்று திரும்பினான்! மூடியை எடுத்து மறுபடி போட்டேன். திரும்பினான். பதினொரு தடவை போட்டேன், பதினொரு தடவையும் திரும்பினான். எங்கள் மாடி வீட்டுக்குப் பலகைத் தரை, பிள்ளை ஓடினாலே கீழ்வீட்டுக்காரர் தலையில் இடி விழும். மேலே வந்து, "என்னம்மா, வீட்டை இடிக்கிறீங்களா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாவம், பயந்துபோய் இறங்கிவிட்டார்.

மெஷினுக்குக் கொடுத்திருந்த தேதியை என் வீட்டுக்காரர் டிப்போவிலிருந்து வரும் வழியில் போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார்.

வருகிற ஞாயிறு சபையில் எழுந்து, ஆண்டவர் செய்ததை எல்லாருக்கும் சாட்சி சொல்லப்போகிறேன். சபையின் மாத இதழிலும் அது வருகிறது. உங்கள் அச்சகத்தில்தானே அச்சாகிறது? எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன், பிழை பார்த்துக் கொடுத்துவிடு. மூன்று வருஷம் காலேஜில் இயற்பியல் படித்தவளுக்கு இன்னும் ஒற்று எங்கே போடுவதென்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆண்டவர் நல்லவர் அக்கா, ஆண்டவர் நல்லவர்.

உன் வால்


ஜனவரி 19

வாலுக்கு,

கடிதமும் சாட்சியும் வந்தன. முதுகு அப்படியே இருக்கிறது. நாற்காலியைப் பற்றி முதலாளி என்னவோ சொன்னார், வாயில் பென்சில் இருந்ததால் உதடு புரியவில்லை. புரியக் கூடாது என்றுதான் பென்சிலை வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

உன் சாட்சியில் பதினேழு ஒற்றுப் பிழை. திருத்தி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். வேறு எதிலும் கைவைக்கவில்லை.

பெரிய மெஷின் ஓடும்போது இங்கே எல்லாரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் செலவு இல்லை. ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று என் உள்ளங்கால் சொல்லிவிடும். சில நாள் மெஷின்காரருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒன்று கேட்கிறேன். மூடி விழுந்தபோது தும்பி வெறும் பலகையிலா உட்கார்ந்திருந்தான்? பதினொரு தடவையும் அங்கேயேதானா? டாக்டரிடம் திரும்ப ஒருமுறை காட்டினீர்களா?

பதில் எழுது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளைக்கு என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? இங்கே குளிர் போய்விட்டது. தும்பிக்கு மட்டும் மூக்கு ஒழுகல்.

சாட்சி சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன், மீதியைப் போதகரின் மனைவி வாசித்தார்கள். முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து தும்பியின் காதைத் தொட்டுப் பார்த்தார்கள். "அற்புதப் பிள்ளை, இங்க வா" என்று அவனுக்குப் பெயரே மாறிவிட்டது. அவனும் சிரித்துக்கொண்டே காதைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு அம்மா கைப்பையிலிருந்து வாட்சை எடுத்து அவன் காதருகே வைத்து, "கேக்குதா கண்ணு?" என்றார்கள். அவர்கள் முகத்தையே பார்த்து "ஆமா" என்றான். சபை முழுக்கக் கை தட்டியது.

ஜெபத்தில் மட்டும் இன்னும் வம்பு செய்கிறான். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது இவன் மட்டும் ஆந்தை மாதிரி விழித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். சின்ன வயதில் நீயும் அப்படித்தான் செய்வாய், அம்மா உன் தொடையில் கிள்ளுவாள், நினைவிருக்கிறதா? நான் கிள்ளுவதில்லை. இரண்டு விரலால் இமையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். அவன் ஆமென் எப்போதும் ஒரு நொடி பின்னால்தான் வருகிறது. எல்லாரும் சொல்லி முடித்து எழுந்திருக்கும்போது, தனியாக, "ஆமே". சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

டாக்டரிடம் ஏன் மறுபடி போக வேண்டும் அக்கா? கையில் வாங்கியதைத் திறந்து பார்த்துச் சோதிப்பது போல் ஆகாதா? போதகரின் மனைவியும் அதைத்தான் சொல்கிறார்கள். நீ சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இதழ் அச்சாகிவிட்டதா? எனக்கு ஐந்து பிரதி வை.

உன் வால்


பிப்ரவரி 17

வாலுக்கு,

எல்லாரும் நலமென்று அறிந்து சந்தோஷம். ஐந்து பிரதி தனி உறையில் வருகிறது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. போகட்டும். ஒன்று செய். உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்த தடித்த கம்பளி இருக்கிறதல்லவா? அதை நாலாக மடித்துத் தரையில் விரி. தும்பியை அதன்மேல் உட்காரவை, முகம் சுவர்ப் பக்கம். வெயில் உன் பின்னால் இருக்கக் கூடாது, நிழல் முன்னால் விழும். நீயும் கம்பளியின் மேலேயே நில், நடக்காதே. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. ஒரே ஒரு தடவை போதும்.

ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

என் மேல் கோபம் வந்தால் வரட்டும். சாப்பாட்டை விடாதே, இளைத்துவிட்டதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார்.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இவருக்கு டிப்போவில் வேலை கூடிவிட்டது. பஸ் எல்லாம் ஒரே நேரத்தில் ரிப்பேருக்கு வந்து நிற்கிறதாம். வீட்டுக் குழாயில் கசிவு. தும்பிக்கு ஒரு பல் ஆடுகிறது. இந்த வயதில் ஆடலாமா என்று கவலையாக இருக்கிறது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், அந்த விண்ணப்பம் வேறு.

பக்கத்துச் சபையில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஏப்ரல் முதல் ஞாயிறு. பிள்ளையையும் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார்கள். போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன். போகவில்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள்.

உன் கடிதம் கிடைத்தது. கம்பளியைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். இன்னும் காயவில்லை.

உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தங்கை


ஏப்ரல் 9

வாலுக்கு,

இங்கே சுகம். இத்தனை நாளாகக் காயாத கம்பளியை நான் பார்த்ததில்லை.

அக்கா


ஜூன் 2

அக்கா,

நீ நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

கம்பளி நனையவே இல்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கே விரித்தேன். நீ சொன்னபடியே நாலு மடிப்பு, முகம் சுவர்ப் பக்கம். கூப்பிட்டேன். வண்டி உருட்டிக்கொண்டிருந்தான். நீ ஒரு தடவை போதும் என்றாய். நான் எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் சட்டி மூடியைக் கையில் பிடித்துக் கரண்டியால் அடித்தேன். கீழ்வீட்டுக்காரர் கீழேயிருந்து சத்தம் போட்டார். அவருக்குக் கேட்டது. என் பிள்ளை வண்டியின் சக்கரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். பிறகு கம்பளியைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் பலகையில் குதிகாலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். சட்டென்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஒலி என்பது அதிர்வு. திடப்பொருளில் அது காற்றைவிட வேகமாகப் போகும். பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி வகுப்பில் முதல் மார்க் வாங்கியவள் நான்.

இது பிப்ரவரியில். ஏப்ரலில் பக்கத்துச் சபைக்குப் போய், மேடையில் நின்று, அதே சாட்சியைச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன் அக்கா. இந்த முறை அழுகை வரவில்லை, எல்லாம் மனப்பாடமாக வந்தது. முடிந்ததும் ஒரு தையல்காரப் பெண் மூன்று வயதுப் பெண்குழந்தையோடு என்னிடம் ஓடி வந்தாள். விரலெல்லாம் ஊசித் தழும்பு. "எந்த வசனம் சொல்லி ஜெபிச்சீங்கக்கா? இவளுக்கும் கேக்காது. மெஷின் வைக்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. உங்க பையனைப் பாத்துட்டேன், இனி அது எதுக்கு? வரலேன்னு சொல்லிடறேன்" என்றாள். நான் சிரித்தேன். தலையைக்கூட ஆட்டினேன்.

அதன் பிறகும் உனக்கு எழுதவில்லை. உன் ஒற்றை வரிக் கடிதம் வந்தபோது கிழித்துப் போட்டேன்.

போன வாரம் தும்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். டீச்சர் ஒரு படப் புத்தகத்தைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு, "உன் பேர் என்ன?" என்றாள். "ஆமா" என்றான். "என்ன வயசு?" "ஆமா." "இது என்ன பூனையா, நாயா?" அவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். நான் தலையாட்டினேனா என்று பார்த்தான். பிறகு நன்றாகச் சிரித்து "ஆமா" என்றான். டீச்சர் என்னிடம் ரொம்ப மெதுவாக, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டாள். "காட்டியாச்சு, சரியாயிடுச்சு" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் தும்பி என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். அவன் பேசுவது உனக்குத் தெரியுமே, வார்த்தையின் கடைசியைக் கடித்துவிட்டு மீதியைத்தான் கொடுப்பான்.

"அம்மா, நா தப்பா திரும்பினே?"

நான் குந்தி உட்கார்ந்தேன். "எப்பத் திரும்பணும்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"உங் கால் சொல்லு."

"அப்படின்னா கேக்காமலே திரும்பினியா? ஏன் கண்ணு?"

கையை விரித்துக் காட்டிச் சொன்னான். முதலில் வலது கை. "திரும்பினா, ஆண்டவர் நல்லவர்." பிறகு இடது கை. "திரும்பலேன்னா, இல்ல."

பஸ் வந்து நின்று போய்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

அவன் சொன்னது நிஜம். கம்பளி விரித்த நாளிலிருந்து நான் தனியாக ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லை. சபையில் மட்டும் வாயசைத்தேன். வாங்கினது கையில் இருந்தவரை ஆண்டவர் நல்லவர், அது போனதும் அவரோடு எனக்குப் பேச்சில்லை. அப்படியானால் அந்த நாற்பது நாளும் நான் யார் முன்னால் முழங்காலிட்டேன்? அந்தக் காதின் முன்னால்தான். ஐந்து வயதுகூட ஆகாத பிள்ளை அதைக் கண்டுபிடித்து, நான் சாமி கும்பிடுவதை நிறுத்திவிடக் கூடாதே என்று எனக்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

இன்னொன்றும் எழுத வேண்டும், எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய். நேற்று அந்த இதழை எடுத்து என் சாட்சியைப் படித்தேன். "எங்கள் குடும்பத்தில் ஒருத்தி இந்தக் குறையோடு வாழ்வதைப் பார்த்தது போதும், என் பிள்ளையையும் அப்படி ஆக்கிவிடாதேயும் என்று அழுதேன். விசுவாசத்தோடு கேட்டவர்களை ஆண்டவர் வெறுங்கையாய் அனுப்புவதில்லை." இதை நான் எழுதினேன். இதைத்தான் உன்னிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். நீ பதினேழு ஒற்று போட்டு அச்சுக்கு அனுப்பினாய்.

வால் என்று கையெழுத்துப் போடக்கூட எனக்கு முகமில்லை.


ஜூன் 14

என் வாலுக்கு,

முகம் இருக்கிறதோ இல்லையோ, வால் இருக்கட்டும். யாராவது என்னைக் கூப்பிட்டால் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துச் சொல்வாயே, அதற்காக வந்த பெயர் அது. ஒரு தப்புக்காக அதை உன்னிடமிருந்து பறிக்க மாட்டேன். சாப்பிடுகிறாயா?

அந்த வரிகளைப் படித்தேன். அவற்றில் எழுத்துப் பிழை இல்லை, அதனால் கைவைக்கவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் அரை நாள் லீவு போட்டேன்.

இப்போது என் பங்கைக் கேள். நீ பதினொரு தடவை என்று எழுதியிருந்ததைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உடனே பஸ் ஏறி வந்திருக்கலாம். வெறும் பலகையா, அங்கேயேதானா என்று சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டு இங்கேயே இருந்தேன். ஏன் தெரியுமா? 'போகட்டும், தானாகத் தெரிந்துகொள்ளட்டும்' என்று உள்ளே ஒருத்தி சொன்னாள். தும்பிக்குக் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்த அந்த நிமிஷம், மனசின் ஒரு ஓரத்தில் ஆறுதலாக இருந்தது. பிள்ளையின் காதில் எனக்கு ஆறுதல்! அதை இந்த ஐந்து மாதமாக ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னொரு நாள் எழுதுகிறேன் என்றேன் அல்லவா, அது இது. எனக்கு ஒன்பது வயது, உனக்கு மூன்று. அம்மா என்னை ஒரு ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். தலையில் கைவைத்தார்கள். பின்னால் யாரோ கை தட்டினார்கள், முன்னால் இருந்தவர்களின் கண் என் தோளுக்கு மேலே போனதைப் பார்த்துத் திரும்பினேன். அம்மா கதறிவிட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சிரிப்பை எப்படித் திருப்பிக் கேட்பது? ஏழு மாதம் கேட்கிற பிள்ளையாக நடித்தேன். நிழல், தரை, உதடு, எல்லாம் கற்றுக்கொண்டேன். வகுப்பில் சொல்வதை எழுதச் சொன்னால் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதுவேன். அவள் செய்த பிழையெல்லாம் அப்படியே என் நோட்டிலும் இருக்க, டீச்சர் பிடித்துவிட்டாள். நான் பிழை பார்க்கும் வேலைக்கு வந்த கதை அங்கே தொடங்குகிறது, சிரித்துக்கொள்.

அம்மா என்னை அடிக்கவில்லை. ஜெபிப்பதை விட்டுவிட்டாள். இரண்டு வருஷம். அம்மாவிடமிருந்து ஆண்டவரை நான்தான் பிடுங்கிவிட்டேன் என்று நினைத்தேன். ஒன்பது வயதுத் தலையில் அதை வைக்கக் கூடாது, அதைவிடச் சின்னத் தலையிலும் கூடாது.

ஆனால் அந்த ஏழு மாதத்தில் ஒன்று நடந்தது. காலையிலிருந்து மாலைவரை எல்லார் முகத்தையும் பார்த்து நடித்துவிட்டு, படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்புவேன். அங்கே ஒருவரிடம் மட்டும் எனக்குக் கேட்பதுபோல் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அவருக்கு என் காது தெரியும். நான் அவரிடம் காதை வேண்டவுமில்லை, அவர் தரவுமில்லை. கூட இருந்தார். இன்றுவரை என்னிடம் உள்ளது அவ்வளவுதான். நீ எழுதினாயே, வெறுங்கை என்று. நான் வெறுங்கையாகத் திரும்பவில்லையடி.

தும்பியை டாக்டரிடம் அழைத்துப்போ. அதற்கு முன்னால் அந்தத் தையல்காரப் பெண்ணைத் தேடிப் போ. முதலில் அது. உன் அழுகையெல்லாம் அப்புறம் இருக்கட்டும்.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க உரிமை திரும்பக் கிடைத்தது போல் இருக்கிறது. உன் முதுகு எப்படி?

பக்கத்துச் சபையில் விசாரித்து, மூன்று தெரு தவறாகச் சுற்றி, அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். முன்னறையில் தையல் மெஷின். அதன் மரச்சட்டத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை. அம்மா மிதிக்கும்போதெல்லாம் அது சிரிக்கிறது.

"என் பையனுக்கும் கேக்காதும்மா. நான் அன்னிக்கு மேடையில சொன்னது பொய். பொய்யின்னு தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றேன்.

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. ஒரு தையலை முடித்து, நூலை வெட்டி, துணியை மடித்துவைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். "மூணு மாசமா நாந்தான் சரியா ஜெபிக்கலேன்னு நெனச்சு என்னையே நான் அடிச்சிக்கிட்டேன், தெரியுமா?" என்றாள். அடித்தால் தேவலாம் என்று நின்றேன். திடீரென்று, "இவளைப் பிடிங்க" என்று குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, பீரோவைக் கலைத்து ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேட ஆரம்பித்தாள். சீட்டு கிடைத்தது. நான் கிளம்பியபோது அவள் விடை சொல்லவில்லை. அது சரிதான்.

தும்பிக்கும் தேதி வாங்கியாகிவிட்டது, ஆகஸ்டு கடைசி.

போதகரின் மனைவியிடமும் போனேன். "சொன்ன சாட்சியைத் திருப்பி வாங்கினா நம்பாதவங்க சிரிக்க மாட்டாங்களா? பேசாம விட்டுடும்மா. ஆண்டவர் இனிமே செய்யக்கூடாதா என்ன?" என்றார்கள்.

"செய்யலாம்மா. ஆனா செய்யாததைச் செஞ்சார்னு நான் சொல்லிட்டேனே."

வீட்டுக்கு வந்துவிட்டேன். இவரிடம் சொன்னபோது, கையில் கிரீஸோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "மெஷின் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தது நான்தானே. நானும் உன்கூட எழுந்து நிக்கிறேன்" என்றார்.

எப்போது சொல்வது என்று நாள் குறித்துக்கொண்டே தள்ளிப்போடுகிறேன். பயமாக இருக்கிறது அக்கா.

உன் வால்


ஜூலை 19

வாலுக்கு,

நலம். நாற்காலி வந்துவிட்டது, ஒரு கால் குட்டை, தாள்கட்டு இப்போது அதற்கு அடியில்.

பயந்துகொண்டே சொல். ஆகஸ்டு இதழ் முப்பதாம் தேதி அச்சுக்குப் போகிறது. சாட்சி எந்தப் பக்கத்தில், எந்த அளவில் வந்ததோ, அதே பக்கத்தில், அதே அளவில் மறுப்பும் வர வேண்டும் என்று போதகரிடம் சொல். எழுதி அனுப்பு. பிழை இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தடவை ஒற்றோடு நிறுத்த மாட்டேன்.

பிள்ளைக்கு முத்தம்.

அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் இருக்கிறோம். சுகம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லலாம். நீ எப்படி இருக்கிறாய்? குட்டைக்கால் நாற்காலி உன்னைத் தள்ளிவிடாமல் இருக்கிறதா?

இதழில் வந்ததை நீ பார்த்தாய். ஆனால் சபையில் நடந்ததை நீ பார்க்கவில்லையே. ஜூலை கடைசி ஞாயிறு எழுந்து நின்றேன். இவரும் நின்றார். "ஜனவரியில் நான் சொன்னது நடக்கவில்லை. பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் பக்கத்துச் சபையில் போய்ச் சொன்னேன். என் பிள்ளைக்குக் கேட்காது. காது கேட்காத என் அக்காவை விசுவாசம் குறைந்தவள் போல் எழுதினேன், அதுவும் பொய்" என்றேன். அவ்வளவுதான் எழுதிவைத்திருந்தேன். முகம் நெருப்பாக எரிந்தது. வாட்சைக் காதில் வைத்த அம்மா குனிந்து தன் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாரும் தும்பியைத் தொடவில்லை. அவனுக்கு மட்டும் ஒன்றும் புரியாமல், வழக்கம் போல் காதைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அதைப் பார்த்ததுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டேன்.

இன்னும் சிலர் என்னிடம் பேசுவதில்லை. போதகரின் மனைவி மட்டும் போன வாரம் வந்து அடுப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

டாக்டர் சீட்டைப் பார்த்து, தேதிகளைப் பார்த்து, "எட்டு மாசம்மா" என்றார். வேறு திட்டவில்லை. அந்த எட்டு மாதம் பிள்ளையின் பேச்சிலிருந்து போனதாம், பிடிக்கப் பார்க்கலாம், முழுசாகப் பிடிக்க முடியாதாம். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். மெஷின் வைத்ததும் தும்பி அலறிப் பிடுங்கிப் போட்டான். இப்போது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்கிறான். எனக்கு ஆசை, என் குரலுக்குத் திரும்புவான் என்று. அவன் விரும்பிக் கேட்பது கீழ்வீட்டுக்காரர் இருமலை. அதற்காகவே படியில் போய் உட்காருகிறான். அவரும் இவனைப் பார்த்தால் ஒரு இருமல் கூடுதலாக இருமிக் காட்டுகிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். நான் பழக்கத்தில் கண்ணை மூடினேன். மூடியதும் நினைவு வந்தது. நான் கண்ணை மூடினாலும் என் உதடு அவனுக்குத் தெரிந்திருக்கும், நான்தான் அவன் இமையை அழுத்தி அதை இருட்டாக்கினேன். அம்மா உன்னைக் கிள்ளினாள். நாங்கள் உன்னை எத்தனை வருஷம் ஜெபத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம் அக்கா!

கண்ணைத் திறந்தேன். அவன் முன்னால் தரையில், விளக்கு என் முகத்தில் விழும்படி உட்கார்ந்தேன். இவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிப்பது எவ்வளவு கூச்சம்! ஒளிந்துகொள்ள இடமே இல்லை. காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா? "ஆண்டவரே, உம்மிடம் கேட்டதைக் கும்பிட்டேன், உம்மை விட்டுவிட்டேன். இப்போது உம்மிடம்தான் வந்திருக்கிறேன்" என்று மட்டும், ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரியச் சொன்னேன்.

நடுவில் தும்பி கையைத் தூக்கி நிறுத்தினான். "ஆண்டவர் வாய் எங்க? எங்க பாக்கறது?"

"பெரியம்மாவுக்கு எழுதிக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். நீ வந்தே சொல்லிவிடு. அவனுக்கு ஒரு கம்பளியும் கொண்டு வா, பழையதை நான் விரிப்பதில்லை.

பிறகு அவன் இடது கையை விரித்து என்னைப் பார்த்தான். திரும்பலேன்னா என்று காட்டிய கை. என்ன கேட்கிறான் என்று புரிந்தது. அந்தக் கையைப் பிடித்து, "அப்பவும் நல்லவர்" என்றேன். அவன் என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று வெகுநேரம் பார்த்தான். அதை எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

முடிக்கும்போது மூன்று பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆமென் எங்கள் வீட்டில் முதல் தடவையாக ஒரே நேரத்தில் வந்தது.

உன் வால்